ஹெல்மெட்டுக்குள் இலவம்பஞ்சு

பிப்ரவரி 6, செவ்வாய்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் சுகந்தி எழுதுகிறாள். டாக்டர் உத்தரவு. நேற்றுக் காலை பால் வாங்கப் போனவன் சைக்கிளோடு விழுந்துவிட்டேன். நானே எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து, வாசலில் வாந்தி எடுத்தேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் மூளை குலுங்கியிருக்கிறது, எழுபத்தொன்பது வயது, மூன்று வாரம் கவனிக்க வேண்டும் என்றார்கள். தினம் சாயங்காலம் அன்று நடந்ததை நான் சொல்ல வேண்டும். தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு, மறதி இருந்தால் குறித்து வைக்க வேண்டும்.

"மறதி உண்டாங்க பெரியவரே?" என்று டாக்டர் கேட்டார். அறுபத்திரண்டில் மில்லில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் வியாழக்கிழமை, கேட்டில் நின்ற கூர்க்காவின் இடது காதில் கடுக்கன் இல்லை என்று சொன்னேன். சிரித்தார். பிறகு என் தலை முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். "இப்படி விழுந்தவருக்குத் தலையில ஒரு கீறல்கூட இல்லையே" என்றார். தாடைக்கு அடியில் மட்டும் ஒரு சிவந்த கோடு இருந்தது. அது என்ன என்றார். சவரம் பண்ணும்போது பட்டது என்றேன்.

வீட்டில் நானும் சுகந்தியும்தான். மருமகன் சென்னையில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். இவள் ஸ்கூலில் லேப் அசிஸ்டென்ட். நாற்பத்து மூன்று வயதில் சைக்கிள் பைத்தியம். இருபத்து நான்காம் தேதி கோயமுத்தூரிலிருந்து கோவில்பட்டி போய்த் திரும்பப் போகிறாள். அறுநூறு கிலோமீட்டர், நாற்பது மணி நேரத்துக்குள். போன வருஷம் நானூறு முடித்தாள். இந்த அறுநூறுக்காக எட்டு மாதமாகக் காலை நாலரைக்கு எழுகிறாள்.

நான் பேசுவதைப் பேப்பர் பாஷையில் எழுதுகிறாள். வாசித்துக் காட்டினால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

தலைவலி கொஞ்சம். வாந்தி இல்லை.

பிப்ரவரி 7, புதன்

சுகந்தி வேலைக்குப் போன பிறகு வீட்டைப் பெருக்கினேன். குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். தூங்கினேன்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "ஏனுங்கப்பா, ஊடெல்லாம் சொலூசன் நாத்தம் அடிக்குது?" என்றாள். என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினேன் என்றேன்.

"படுத்திருக்கச் சொன்னா பஞ்சர் ஒட்டறீங்களா? நல்லா வருவீங்க."

ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய ஹெல்மெட்டில் ஒரு சிராய்ப்பு இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். பூனை தள்ளிவிட்டது என்றேன். அவள் எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். பூனை இந்தத் தெருவில் நிறைய.

தலைவலி இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. "அப்ப பழசைச் சொல்லுங்க, மறதி இருக்குதான்னு பாக்கலாம்" என்றாள். சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவன் தலையில் எதுவும் வைக்க மாட்டான், வெயிலுக்குத் துண்டு. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் வார்த்தொப்பி ஒன்று உண்டு. முழுத் தொப்பி இல்லை. தோலை விரல் தடிமனுக்குக் குழாய் மாதிரித் தைத்து, உள்ளே குதிரைமயிர் திணித்து, அப்படி ஏழெட்டுக் குழாயை முன்னிருந்து பின்னுக்குக் கட்டியிருக்கும். நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை. தாடைக்கு ஒரு வார், பக்கிள். பறங்கிக்காயை உறியில் வைத்த மாதிரி இருக்கும். இடைவெளியில் முடி தெரியும்.

எங்கள் மில்லுக்கு அது ஒன்றே ஒன்றுதான். ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர்: நானும் போத்தனூர் லூர்துவும். அவன் ஸ்பின்னிங்கில். நான் பெல்ட்டில், மிஷினை ஓட்டுகிற தோல் பெல்ட் அறுந்தால் தைத்து இணைக்கிற வேலை. ஒரு ரேஸுக்கு அவன் தொப்பி போடுவான், அடுத்த ரேஸுக்கு நான். அது எங்களுக்குள் ஏற்பாடு. யார் விழுந்து தொப்பி பிய்ந்தாலும் தைப்பது நான். நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்து வைத்தால் தோல் மெழுகு மாதிரி இருக்கும். ஆறு வருஷம் அந்தத் தொப்பி உழைத்தது.

அறுபத்தெட்டு மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதுக்கரை ரோட்டு இறக்கத்தில் லூர்து விழுந்து செத்துப்போனான். இருபத்தைந்து வயது. அன்று தொப்பி அவன் முறை. பக்கிள் போடாமல் விட்டிருந்தான்; தொப்பி கழன்றுவிட்டது.

இது சுகந்திக்கும் தெரிந்த கதைதான். வருஷா வருஷம் மார்ச் மூன்றாம் தேதி போத்தனூரில் அவன் தங்கச்சி ரோஸலி வீட்டுக்குப் போகிறேன். அவன் நினைவுப் பூசைக்குப் பிறகு காபி கொடுத்துவிட்டு, "ஒரு பக்கிளப் போடறதுக்கு எத்தன நேரம் ஆகும்ண்ணா?" என்று கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் கேட்பாள்.

அதற்கப்புறம் நான் ரேஸ் ஓட்டவில்லை. தலையில் எதையும் மாட்டியதில்லை. "அது விதி, தொப்பியில இல்ல" என்று சுகந்தியின் ஹெல்மெட்டைக் கேலி பண்ணுவேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

விடிவதற்குள் சுகந்தி கிளம்பிவிட்டாள். பழனி போய் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தாள். நான் அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறாக்கி வைத்திருந்தேன். இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

"ஹெல்மெட் எப்படி இருந்துச்சு அம்மிணி?"

"ஏனுங்க, என்னைக்கும் இல்லாம இன்னைக்கு ஹெல்மெட்டைக் கேக்கறீங்க? எப்பவும் போலத்தான் இருந்துச்சு. ஒரு பக்கம் சித்தெ மெத்துமெத்துனு இருக்குது."

நல்லதுதானே என்றேன்.

என் தலையணை உறையைத் துவைக்கக் கழற்றியவள், "இதென்ன, பாதி பஞ்சு போச்சு?" என்றாள். பழைய தலையணை, இளைத்துவிட்டது.

உடம்பு நன்றாக இருக்கிறது. கால் மரத்துப் போவது பழையது. அது விழுந்ததால் வந்ததல்ல.

பிப்ரவரி 13, செவ்வாய்

ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை.

பிப்ரவரி 14, புதன்

ஹெல்மெட்டின் உள்பக்கம் தபால்தலை அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. பொடி எழுத்து, கடைசியில் சிவப்பில் இரண்டு வரி. அதில் என்ன போட்டிருக்கிறது என்று சும்மா கேட்டேன். தூரத்திலிருந்துதான் காட்டினேன், ஆணியிலிருந்து எடுக்க வேண்டாம் என்றேன்.

"அதைப் பாக்காமயே சொல்லுவேனுங்க. எங்க குரூப்புல அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க" என்று சொன்னாள். நான் கேட்டபடியே இங்கே சொல்கிறேன்.

உள்ளே இருப்பது தெர்மாகோல். மீன் பெட்டிக்குப் போடுவதை விடக் கெட்டியாக அழுத்திச் செய்தது. அடி விழும்போது தெர்மாகோல் நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஒரு தரம் நசுங்கினால் அவ்வளவுதான், அடுத்த அடிக்கு அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. வெளியே பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். அதனால் ஒரு தரம் விழுந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட வேண்டும். பெயிண்ட், பெட்ரோல், பசை எதுவும் படக் கூடாது. பட்டால் தெர்மாகோல் கரைந்து போகும்.

"சொலூசன் பட்டா?"

"சொலூசன் பட்டா சக்கரைல தண்ணி ஊத்துன மாதிரிதான்."

நல்ல பொருள் ஒரே அடியில் குப்பைக்குப் போகுமா என்றேன். "அதுதானுங்கப்பா அதோட வேலையே" என்றாள்.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன். தலைவலி இல்லை என்று எழுது. பசி இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, சனி

கிறுகிறுப்பு. மத்தியானத்திலிருந்து. எழுந்து நின்றால் சுவர் சாய்கிறது. நாளைக்கு நீ வெளியே போக வேண்டாம் அம்மிணி, எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

சுகந்தி போகவில்லை. ஊட்டி மலைக்கு ஏறிப் பழக வேண்டிய நாளாம், கடைசி ஞாயிறு. வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்மேல் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஹெல்மெட்டைத் துடைக்க எடுத்தாள். எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன். கொண்டுவந்தாள். பிறகு மாத்திரை. பிறகு விசிறி. ஹெல்மெட்டை மறந்துவிட்டாள்.

கிறுகிறுப்பு சாயங்காலம் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 19, திங்கள்

டாக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். ஒரு கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். நடந்தேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்றேன். நோட்டைப் புரட்டிவிட்டு, "சனி ஞாயிறுல மட்டும் கிறுகிறுப்பு வருதுங்களே" என்றார். எனக்கு எப்படித் தெரியும், நான் டாக்டரா?

வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒன்றுமில்லை என்றால் சுகந்தி தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குடித்தோம். அவள் முகம் எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் புதுச் சைக்கிள் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

தானாகவே ஒன்று நினைவுக்கு வந்தது. அறுபத்து மூன்று, ஐப்பசி மாதம். எங்கள் மில்லில் வீவிங் மாஸ்டர் பத்மநாபய்யர் என்று ஒருவர். சைக்கிளில்தான் வருவார், தலையில் வெள்ளைக்காரன் போடுகிற சோலாத் தொப்பியோடு. துணி சுற்றிய தொப்பி. உள்ளே முழுக்க நெட்டி. தண்ணீரில் வளருமே, வெள்ளையாக, பொம்மை செய்வார்கள், அந்த நெட்டி. எடையே இருக்காது. சைக்கிள் வந்த புதிதில் வெள்ளைக்காரர்கள் அதைத்தான் தலைக்குப் போட்டார்களாம். சுகந்தி போனில் பார்த்துச் சொன்னாள். தோல் வார் அதற்குப் பிறகு. கெட்டி ஓடும் தெர்மாகோலும் அதற்கும் பிறகு. ஓடே இல்லாமல் வெறும் தெர்மாகோலுக்குத் துணி மாட்டி ஓட்டினவர்களும் உண்டாம். இப்போது இரண்டையும் ஒன்றாக வார்க்கிறார்கள்.

ஐயர் ஒருநாள் மில் கேட்டுக்கு முன்னால் மாட்டுவண்டியில் மோதிக் கல்மேல் விழுந்தார். தலை கல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நின்றார், ஒன்றுமில்லை. தொப்பியைக் கழற்றி ஒரு பக்கம் விரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. நேரே நடந்துபோய் அதைப் பஞ்சுக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டார். ஒரு பக்கம்தான் போயிருந்தது, மற்றதெல்லாம் நல்ல தொப்பி. பணக்காரத் திமிர் என்று பேசிக்கொண்டோம். நான்தான் முதலில் பேசினேன்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் கண் முன்னால்தான் செய்தார்.

"என்னங்கப்பா, பாதில நிறுத்தீட்டீங்க?" என்கிறாள். அவ்வளவுதான் கதை.

பிப்ரவரி 22, வியாழன்

இன்று வேண்டாம்.

பிப்ரவரி 23, வெள்ளி

பையெல்லாம் கட்டி முடித்துவிட்டாள். நாளைக் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், சீக்கிரம் படுக்க வேண்டும் என்று.

எழுது அம்மிணி. நிறுத்தாமல் எழுது. கேள்வி கேட்காதே. கடைசியில் கேள்.

ஐந்தாம் தேதி காலை நீ குளித்துக்கொண்டிருந்தாய். ஆணியில் உன் ஹெல்மெட். எடை பார்க்கத்தான் எடுத்தேன். தேங்காய்த் தொட்டி அளவுக்குக்கூட எடை இல்லை. இவ்வளவு லேசான பொருளை நம்பியா என் மகள் கோவில்பட்டி போகிறாள் என்று தலையில் வைத்துப் பார்த்தேன். பக்கிள் போட்டேன். கழற்ற மனசில்லை. அப்படியே பாலுக்குப் போனேன். மைதானத்து மூலையில் குழாய்க்குத் தோண்டிய மண்ணில் சக்கரம் வாரி விழுந்தேன். இடது பக்கம், ரோட்டோரக் கல்லில். ஐயர் தலை பட்ட அதே சத்தம், இந்தத் தடவை உள்ளேயிருந்து கேட்டது. தாடையில் இருந்தது சவரக் கோடு இல்லை. உன் ஹெல்மெட்டின் வார்.

வீட்டுக்கு வந்து அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். புதன்கிழமை ஹெல்மெட்டின் உள்மெத்தையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே விரல் நீளத்துக்கு வெடிப்பு. நான் தைக்காத, ஒட்டாத பொருள் உண்டா? சொலூசன் வைத்தேன். வைக்க வைக்க உள்வாங்கிக்கொண்டே போனது. எலுமிச்சம்பழம் போகிற அளவுக்குக் குழி. பயந்துபோய் என் தலையணையிலிருந்து இலவம்பஞ்சை எடுத்துத் திணித்து, மேலே மெத்தையை வைத்து மூடிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் நீ பழனி போனாய். சீட்டில் இருப்பதை நீ சொன்ன அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கிறுகிறுப்பு பொய். பூனை பொய்.

இன்னும் இருக்கிறது. எழுது.

அறுபத்தெட்டு ஜனவரியில் பொங்கல் ரேஸில் நான் விழுந்தேன். தொப்பி என் முறை. இடது பக்கம் இரண்டு குழாய் பிய்ந்துவிட்டது. தைத்தேன். உள்ளே இருந்த குதிரைமயிர் கொட்டிப்போயிருந்தது. அதற்குப் பதில் இலவம்பஞ்சு வைத்தேன். நூல் பழைய நூல். தெரிந்துதான் போட்டேன், புது நூல்கண்டு ஸ்டோரில் கேட்டால் இரண்டு நாள் ஆகும். எண்ணெய் போட்டுத் தேய்த்து, "லூர்து, புதுசு மாதிரி ஆச்சு பாரு" என்று கொடுத்தேன். அவன் போட்டுப் பார்த்து, "நீ தச்சா இரும்புடா" என்றான். மார்ச் மூன்றாம் தேதி அவன் பக்கிள் போட்டிருந்தான். தொப்பி கழலவில்லை. தலையில்தான் இருந்தது. இடது பக்கம் என் தையல் வாய் பிளந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அவனிடம் முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். பக்கிளைக் கழற்றியது நான். ஜனங்கள் வந்தபோது தொப்பி கீழே கிடந்தது.

ரோஸலி கேட்டபோது, பக்கிள் போடவில்லை என்றேன். அவள் ஐம்பத்தாறு வருஷமாக அண்ணனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது கேள்.

சுகந்தி பேனாவை வைத்துவிட்டுப் போய் ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். மெத்தையைப் பிய்த்தாள். பஞ்சு உதிர்ந்தது. குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"பதினொண்ணாந் தேதி தாராபுரம் ரோட்டுல லாரி உரசிட்டுப் போச்சுங்கப்பா. உங்ககிட்டச் சொல்லல, பயப்படுவீங்கன்னு." அதற்கு மேல் குரல் உயர்ந்தது. "ஹெல்மெட்டை ஒடச்சதுக்கு நான் என்ன உங்களைத் தின்னுருவனா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க உங்களுக்கு? பதினெட்டு நாளா இந்தக் கையால நானே பொய்யை எழுதீட்டு இருந்திருக்கறேன்!"

உதிர்ந்த பஞ்சைத் தரையிலிருந்து பொறுக்கினேன்.

முகம் கழுவிவிட்டு வந்தாள். அவர்கள் குரூப்பில் ஹரிணி என்று ஒரு பெண், அவளிடம் இன்னொரு ஹெல்மெட் இருக்கிறதாம். போன் பண்ணினாள். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. ஒரு சைஸ் பெரிது. பின்னால் ஒரு திருகு இருக்கிறது, திருகினால் தலைக்குத் தகுந்த மாதிரி இறுகுகிறது. எங்கள் வார்த்தொப்பிக்கு அது இருந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே தொப்பியை ஆளுக்கொரு அளவில் நூல் கட்டி இறுக்கியிருக்க வேண்டாம்.

பிறகு கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள். "பழசோட வாரை வெட்டிப் போடோணும். குப்பைல போட்டாலும் இன்னொருத்தர் எடுத்து மாட்டக் கூடாது. நீங்களே வெட்டுங்க."

வெட்டினேன். நான்கு இடத்தில். மில்லில் முப்பத்தெட்டு வருஷம் அறுந்ததைச் சேர்த்த கை. நல்ல வாரை வெட்டியது இன்றைக்குத்தான்.

படுக்கப் போகும்முன் வாசல்படியில் நின்று சொன்னாள்: "அந்தத் தோல்தொப்பி சிராய்ப்புக்குத்தானுங்கப்பா. புத்தம் புதுசா இருந்தாலும் அந்த அடிக்கு நின்னிருக்காது. குதிரைமயிரா இருந்தாலும், இலவம்பஞ்சா இருந்தாலும் ஒண்ணுதான்."

இருக்கலாம். அதையும் எழுது. ஆனால் பக்கிள் போட்டிருந்தான்.

பிப்ரவரி 24, சனி
பிப்ரவரி 25, ஞாயிறு

(இது பிறகு சொல்லிச் சேர்த்தது. தேதியை மட்டும் எழுதி வைத்துவிட்டுச் சுகந்தி போயிருந்தாள். எழுத ஆள் இல்லை. கீழே இருப்பது என் கோடுகள்.)

|   |   |   |   ———————

பிப்ரவரி 26, திங்கள்

கோடுகளுக்குப் பொருள் சொல்கிறேன், சுகந்தி எழுதட்டும். ரைடு நடத்துகிறவர்கள் கொடுத்த அட்டையில் அவள் முத்திரை வாங்குகிற ஒவ்வொரு இடத்திலிருந்தும் போன் பண்ணினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. திண்டுக்கல். கோவில்பட்டி. திரும்ப மதுரை. பல்லடம். மதுரையில் பேசும்போது குரல் சரியில்லை, முட்டி வலி என்றாள். திரும்பி வந்துவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது. "ஹெல்மெட் நழுவுதா?" என்று மட்டும் கேட்டேன். "திருகிக்கிட்டனுங்க" என்றாள்.

கடைசிக் கோடு அவள் ஊர் வந்து சேர்ந்ததற்கு, ஞாயிறு சாயங்காலம் ஆறே முக்கால். போடும்போது வாசலில் அவள் சைக்கிள் பெல் அடித்தது. கையை எடுக்க மறந்து இழுத்துக்கொண்டே போய்விட்டேன். அதனால்தான் அது அவ்வளவு நீளம்.

மூன்று வாரம் முடிந்தது. டாக்டருக்கு நோட்டைக் காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். இருபத்து மூன்றாம் தேதிப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறேன். எழுத்து எனக்குத் தெரியாது, மடிப்பு தெரியும்.

வருகிற ஞாயிறு மார்ச் மூன்று. பூசை முடிந்து ரோஸலி காபி கொடுப்பாள், அந்தக் கேள்வியைக் கேட்பாள். நான் வாயைத் திறந்தால் பழைய கதைதான் வரும். ஐம்பத்தாறு வருஷம் பழகிய வாய். எழுதினது மாறாது. சுகந்தி, நீ வாசி. பக்கிள் வருகிற இடத்தில் அவசரப்படாமல் வாசி. அவள் அழலாம், கப்பை வீசலாம், வெளியே போ என்று சொல்லலாம். சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே நிற்பேன்.

"போத்தனூருக்குப் பஸ்ஸுலயே போயிரலாமுங்களா?" என்று எழுதுவதை நிறுத்திக் கேட்டாள்.

ஏழு கிலோமீட்டர்தானே, சைக்கிளில் போகலாம் என்றேன்.

"அப்ப ஹெல்மெட்?"

"ஹரிணிப் பொண்ணோடத எனக்குக் குடு, நீ புதுசு வாங்கிக்க. திருகை மட்டும் இறுக்கி உடு அம்மிணி. பக்கிளை நானே போட்டுக்கறேன்."